பல் மருத்துவக் கல்லூரி முதல்வர்களுக்கு: மாணவர்களின் முதுகையும் கொஞ்சம் பாருங்கள்

தமிழ்நாட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம். சார், மேடம் என்று கூப்பிட்டுப் பழகியவர்களுக்குத்தான் எழுதுகிறேன், அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். செய்முறைத் தேர்வில் ஒரு கிளாஸ் டூ கேவிட்டியின் (கடைவாய்ப்பல்லின் பக்கவாட்டில் அடைப்பதற்காக வெட்டும் குழி) ஆழம், சுவர், விளிம்பு எல்லாவற்றையும் மெல்லிய முனையுள்ள புரோப் வைத்துத் தடவிப் பார்த்து மார்க் போடுகிறீர்கள். அதை வெட்டிய மாணவி எப்படி உட்கார்ந்திருந்தாள் என்பதற்கு அரை மார்க்கூடக் கிடையாது. மார்க் இல்லாத எதையும் மாணவர்கள் கற்றுக்கொள்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியாததா? உட்காரும் விதத்துக்கும் மார்க் போடுங்கள், முதல் வருடத்திலிருந்தே போடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதல் வருடம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மெழுகுக் கட்டையில் பல் செதுக்கும் வகுப்பை ஒருமுறை வாசலில் நின்று பாருங்கள். உயரம் மாற்ற முடியாத மேசை, முதுகு சாய வழியில்லாத ஸ்டூல், விளக்கு தலைக்குப் பின்னால் எங்கோ. செதுக்கும் இடத்தில் தங்கள் நிழலே விழுவதால் பிள்ளைகள் இன்னும் குனிகிறார்கள். கண்ணுக்கும் மெழுகுக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. கண்ணிலிருந்து வேலை செய்யும் இடம் 35 முதல் 40 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும் என்பது பாடம். நோயாளியின் வாயைப் பார்ப்பதற்கு ரொம்ப நாள் முன்பே கூன் பழகிவிடுகிறது. அடுத்த வருடம் ஃபான்டம் ஹெட் என்ற பயிற்சிப் பொம்மைத் தலையில் வேலை செய்யும்போது அது உறுதியாகிறது, நோயாளிகளைப் பார்க்கும் கிளினிக்கல் போஸ்டிங் வரும்போது அதுதான் இயல்பு என்று ஆகிவிடுகிறது.

தலையின் எடை நான்கரை, ஐந்து கிலோ. கழுத்து நிமிர்ந்திருந்தால் அதை முதுகெலும்பு தாங்கிக்கொள்ளும். குனியக் குனியப் பின்கழுத்துத் தசைகள் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். 20 பாகைக்கு மேல் குனிந்து நெடுநேரம் இருக்காதே என்று சொல்வது இதற்காகத்தான். மூட்டை தூக்குபவரின் தசை இறுகித் தளர்ந்து இறுகுகிறது, நடுவில் ரத்தம் ஓடுகிறது. நம் தசை ஒரே இறுக்கத்தில் அப்படியே நிற்கிறது. ரத்த ஓட்டம் குறைகிறது, கழிவு தேங்குகிறது. பார்ப்பவருக்கு என்னவோ ஏசி அறையில் உட்கார்ந்து செய்யும் சொகுசு வேலை!

கிளினிக்கில் சோதனை, மேல் தாடையின் இடப்பக்கக் கடைசிக் கடைவாய்ப்பல். அதன் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றால் நோயாளியை நன்றாகப் படுக்கவைத்து, தாடையை உயர்த்தச் சொல்லி, பன்னிரண்டு மணி நிலையில், அதாவது நோயாளியின் தலைக்கு நேர் பின்னால், போய் உட்கார்ந்து வாய்க்குள் வைக்கும் சிறு மிரரில் பார்க்க வேண்டும். மிரரில் பார்த்துக்கொண்டே பல்லைக் குடையும் அதிவேகக் கருவியான ஏரோட்டரை ஓட்டுவது பழக நாளாகும். தண்ணீர் தெறித்துக் கண்ணாடி மங்கும், கை எதிர்ப்பக்கம் போகும். பழக நேரம் கொடுக்காததால் மாணவர் ஒன்பது மணி நிலையிலேயே, அதாவது நோயாளியின் வலப்பக்கத்திலேயே, இருந்துகொண்டு இடுப்பை முறுக்கி, தலையைச் சாய்த்து, நேராகப் பார்த்து வேலையை முடித்துவிடுகிறார். முடித்துக் காட்ட வேண்டிய கோட்டாவில் ஒரு கேஸ் கழிந்தது, ரெக்கார்டில் கையெழுத்தும் கிடைத்தது. ஐந்து வருடப் படிப்பில் உறுதியாக நிலைப்பது இந்த முறுக்கல்தான்.

அமெரிக்காவில் 1957இல் ஏரோட்டர் வந்தது, 1958இல் முழுவதும் படுக்கவைக்கும் சேர் வந்தது. நின்றுகொண்டு வேலை செய்த தலைமுறை உட்கார ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். நாம் சேரை வாங்கிவிட்டோம், நோயாளியைப் படுக்கவைக்க மட்டும் இன்னும் தயங்குகிறோம். "படுத்தா தலை சுத்துது டாக்டர்", "தண்ணி தொண்டைக்குள்ள போகுது", நிமிடத்துக்கொருமுறை எழுந்து துப்ப வேண்டும். சரி, பாதி சாய்த்தே வைத்துக்கொள்ளலாம் என்று மாணவர் விட்டுவிடுகிறார். அந்தப் பாதிச் சாய்வுக்கு நம் கழுத்துதான் விலை. எச்சிலையும் தண்ணீரையும் உறிஞ்சும் நல்ல சக்ஷனும் அதைப் பிடிக்க ஒரு ஆளும் இருந்தால் நோயாளி எழவே வேண்டியதில்லை. மருத்துவரும் உதவியாளரும் சேர்ந்து நான்கு கைகளால் வேலை செய்யும் ஃபோர்-ஹேண்டட் டென்டிஸ்ட்ரி பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். கல்லூரி கிளினிக்கில் மாணவர் ஒரு கையால் கன்னத்தை விலக்கி, அதே கையில் மிரரையும் பிடித்து, சக்ஷனை நோயாளியின் கையிலேயே கொடுத்துவிட்டு வேலை செய்கிறார். இருவர் இருவராகப் போஸ்டிங் போட்டு, உதவியாளராக இருப்பதற்கும் ரெக்கார்டில் கையெழுத்து உண்டு என்று சொன்னால் இதற்குக் காசே செலவில்லை.

உயரம் குறைந்த மாணவிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இன்று வகுப்புகளில் பெண்கள்தான் அதிகம். ஆனால் பல சேர்கள் ஓரளவுக்குக் கீழே இறங்காது, முதுகுப் பலகையும் தடிமன். தொடை அதன் அடியில் நுழையாது. அவள் ஸ்டூலை உயர்த்தினால் கால் தரையில் படாது, பெடலை மிதிக்க நுனியில் தொங்க வேண்டும். ஸ்டூலை இறக்கினால் நோயாளியின் வாய் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிடும், முழங்கை உடம்பை விட்டு விலகி, தோள் காதைத் தொடும் அளவுக்கு ஏறும். நாள் முழுக்க அப்படியே. இடக்கைப் பழக்கம் உள்ளவர்களின் நிலை இன்னும் மோசம். டிரே, குழாய், துப்பும் தொட்டி எல்லாம் வலக்கைக்காரருக்காக இறுக்கி வைத்தவை. இருபக்கமும் மாற்றக்கூடிய ஒரு யூனிட்டாவது துறைக்கு ஒன்று இருக்கட்டும். புதிய சேருக்கு டெண்டர் விடும்போது எவ்வளவு கீழே இறங்கும், பலகை எவ்வளவு தடிமன் என்று இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். விற்பவர் காட்டும் எல்இடி விளக்கையும் தொடுதிரையையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முகாம்களையும் விட முடியாது. பள்ளி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி, கையில் டார்ச், வரிசையாகக் குழந்தைகள். இன்டர்ன்கள் நின்றபடியே இடுப்பை மடித்து ஒவ்வொரு வாயாகப் பார்க்கிறார்கள். முகாம் அவசியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பெஞ்சில் குழந்தையைப் படுக்கவைத்து, தலைமாட்டில் மருத்துவர் உட்கார்ந்து, தலையில் மாட்டும் விளக்கோடு பார்க்கலாம். பள்ளியில் பெஞ்சுக்கா பஞ்சம்?

பல்லில் படிந்த காரையைச் சுரண்டும் ஸ்கேலிங் கருவிகளைத் தீட்டும் பழக்கம் குறைந்துவிட்டது. மழுங்கிய க்யூரெட்டை இறுக்கிப் பிடித்து அழுத்திச் சுரண்டுவதில் பாதி வலி கட்டைவிரலின் அடிமூட்டில் வந்து உட்காருகிறது. என் வலது கட்டைவிரல் இப்போது தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க யோசிக்கிறது. மெல்லிய, கனமான கைப்பிடியைவிடத் தடித்த, எடை குறைந்த கைப்பிடிக்குப் பிடி குறைவாகப் போதும். கருவிப் பட்டியல் கொடுக்கும்போது இதையும் எழுதிக் கொடுத்தால் மாணவர்கள் எப்படியும் வாங்கப்போவதை நல்லதாக வாங்குவார்கள்.

கண்ணில் மாட்டும் உருப்பெருக்கியான லூப்ஸ் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பிஜி மாணவர்கள் நம்புகிறார்கள். லென்ஸ் கீழ்நோக்கிச் சாயும் கோணமும் பார்க்கும் தூரமும் அவரவர் அளவுக்கு அமையாவிட்டால் லூப்ஸே கழுத்தைக் குனிய வைக்கும். கடன் வாங்கிப் போட்டுப் பார்க்கும் பொருள் இல்லை அது.

"யோகா பண்ணுங்க, நடுநடுவே கையை நீட்டி மடக்குங்க" என்ற அறிவுரை ஒவ்வொரு கருத்தரங்கிலும் கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால் உட்காரும் முறையை மாற்றாமல் மாலையில் செய்யும் பயிற்சி, காலை முழுவதும் செய்த சேதத்தின் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். மேலும், சொந்த கிளினிக் நடத்துபவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு கிடையாது. கழுத்து பிடித்துக்கொண்டால் அன்றைக்கு வருமானம் இல்லை, வாடகையும் சேருக்கான இஎம்ஐயும் மட்டும் வரும். அதனால் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு அடுத்த நோயாளியை உள்ளே கூப்பிடுகிறோம்.

செய்ய வேண்டியது பெரிய விஷயம் இல்லை. செய்முறை மதிப்பெண்ணில் ஐந்தை இதற்கு ஒதுக்குங்கள். பாதம் தரையில் இருக்கிறதா, முழங்கை உடம்போடு இருக்கிறதா, கழுத்து எவ்வளவு குனிகிறது, மிரரைப் பயன்படுத்துகிறாரா என்று ஆசிரியர் பின்னால் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். மாணவரின் செல்போனிலேயே பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துக் காட்டுங்கள். தான் இப்படியா உட்கார்கிறோம் என்று அவர்களே அதிர்ந்துபோவார்கள். ஒரு நிபந்தனை: முதலில் ஆசிரியர்களின் படத்தை எடுத்துவிடுங்கள். நாங்கள் குனியக் கற்றது உங்களைப் பார்த்துத்தானே, சார்.

அடுத்த பேட்ச் மெழுகு செதுக்க உட்காருவதற்குள் ஸ்டூல்களையாவது மாற்றிவிட முடியுமா? எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் ஒரு சனிக்கிழமை வந்து மாணவர்களோடு உட்கார்ந்து செய்து காட்ட நான் தயார்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவி ஒருத்தி