அலை அமைதியா தெரியுற இடத்துல இறங்காதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

சர்ஃபிங்குக்கு பேர் போன கடற்கரை ஊர்களை பத்தி டூர் பக்கத்துல நிறைய எழுதுறீங்க, படம்லாம் அருமை, ஆனா கடல்ல எங்க இறங்கணும் எங்க இறங்கக்கூடாதுன்னு ஒரு வரி கூட வர்றதில்லையே, அதான் எழுதுறேன். நல்ல அலை உடையுற பீச்ல ரிப் கரண்ட்டும், அதாவது கரையில இருந்து ஆளை கடலுக்குள்ள இழுத்துட்டு போற நீரோட்டமும் இருக்கும். கரைக்கு வந்த தண்ணி திரும்பி போக மணல்திட்டுக்கு நடுவுல ஒரு வழி புடிச்சிக்கும், அந்த இடத்துல அலை உடையாது, தண்ணி கொஞ்சம் கருப்பா, நுரை கடல் பக்கமா நகர்ந்துட்டு இருக்கும். புதுசா வர்றவங்க, குறிப்பா குழந்தைங்களோட வர்றவங்க, இதுதான் சேஃப்னு அங்கயே போய் இறங்குறாங்க, பார்க்கவே பதறுது. சில நேரம் விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல இழுக்கும், அதை எதிர்த்து எவ்ளோ பெரிய நீச்சல்காரரும் ஜெயிக்க முடியாது. மாட்டிக்கிட்டா மிதங்க, கையை தூக்கி காட்டுங்க, தெம்பு இருந்தா கரைக்கு இணையா நீந்தி வெளிய வந்துட்டு அப்புறமா கரைக்கு திரும்புங்க.

கொடியும் முக்கியம் சார். மேல சிவப்பு கீழ மஞ்சள் கொடி ரெண்டுக்கு நடுவுல குளிக்கலாம், லைஃப்கார்டு இருப்பாங்க. கருப்பு வெள்ளை கட்டம் போட்ட கொடின்னா சர்ஃப் போர்டுக்கான இடம், அங்க குளிச்சா போர்டு மண்டையில அடிக்கும். ரெட்டை சிவப்புன்னா தண்ணி பக்கமே போகாதீங்க.

அடுத்த தடவை டூர் பக்கம் போடும்போது இதை ஒரு பெட்டிச்செய்தியா சேர்த்து போடுங்க ப்ளீஸ்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்