உன் வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரம்

அன்புள்ள கயலுக்கு,

புது வீட்டுப் படங்கள் பார்த்தோம். அம்மாவுக்கு அடுப்படி ரொம்பப் பிடித்துவிட்டது. என் கண் போனதோ கொல்லையில் நிற்கும் மரத்தின் மேல். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஆஷ் மரம் மாதிரிதான் தெரிகிறது. நீயும் பக்கத்தில் போய்ப் பார். கறிவேப்பிலை ஈர்க்கு போல ஒரே காம்பில் ஐந்து, ஏழு, ஒன்பது என்று இலைகள் இருக்கும். கிளைகள் எதிரெதிராக ஜோடியாகப் பிரியும். அப்படியென்றால் அநேகமாக ஆஷ்தான்.

இங்கே மிஷிகனில் உனக்கு ஊஞ்சல் கட்டிய மரமும் அதுதான். அதை வெட்டிய அன்று நீ கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடவே வரவில்லை. அதைக் கொன்றது எமரால்ட் ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு. டெட்ராய்ட் பக்கம் அந்த வண்டை 2002-ல்தான் அடையாளம் கண்டார்கள். ஆசியாவிலிருந்து சரக்கோடு வந்த மரப்பெட்டிகளில் ஏறி வந்திருக்கும் என்கிறார்கள். கண்டுபிடிப்பதற்குப் பல வருஷம் முன்பே அது பெருகிவிட்டது. எல்ம் மரங்கள் நோயில் போனபிறகு தெருத்தெருவாக ஆஷையே நட்டிருந்தார்கள். வண்டுக்குப் பந்தி விரித்தது போல ஆயிற்று. ஒரு நோயில் பட்டும் மறுபடி ஒரே இனத்தை வரிசையாக நட்டது பெரிய தப்பு.

வெட்டிய துண்டில் பட்டையை உரித்துப் பார்த்தேன். பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி வளைந்து வளைந்து வண்டின் புழு அரித்த வழி, உள்ளே மாவு அடைத்துக் கிடந்தது. வண்டு இலையைக் கொஞ்சம் கடிப்பதோடு சரி. மரத்தைக் கொல்வது புழுதான். இலையில் உண்டாகும் சத்து கீழே இறங்கும் பாதையையே அது அறுத்துவிடுகிறது. மரத்தை வெட்டுவதற்கு முந்தைய இரண்டு கோடையிலும் உச்சி மெலிந்துகொண்டே வந்தது, மரங்கொத்தி ஓயாமல் கொத்தியது. மழை போதவில்லை என்று நினைத்து நான் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் மனசு உறுத்துகிறது.

ஒரிகனில் உங்கள் போர்ட்லண்டுக்குப் பக்கத்தில் ஃபாரஸ்ட் குரோவில் 2022-ல் அதே வண்டைக் கண்டிருக்கிறார்கள். மரம் பச்சையாக இருக்கும்போதே விவரம் தெரிந்த ஆளைக் கூப்பிட்டுக் காட்டு. அடிமரத்தில் எமாமெக்டின் பென்சோயேட் என்ற மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. செலவுதான். ஆனால் உச்சி பாதி காய்ந்தபிறகு ஏற்றினால் பலன் இருக்காது. அப்புறம், கேம்பிங் போனால் வீட்டு விறகைக் காரில் ஏற்றாதே, போகிற இடத்திலேயே வாங்கிக்கொள். வண்டு ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் அதில்தான்.

ஜூனில் வருகிறோம். பைனாகுலரை எடுத்து வைத்துவிட்டேன், உச்சிக்கிளையைப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா