நோயாளர் பராமரிப்பின் தரம் ஆய்வு நாளோடு நின்றுவிடாதிருக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
காபித் தோட்டக் கணக்கர் ஒருவர்,
ஏற்காடு.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சேலம் மாவட்டம்.

பொருள்: உள்நோயாளர் பராமரிப்பு – முன்னறிவிப்பற்ற இரவு ஆய்வு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

பக்கவாதம் தாக்கிய என் தாயாரை, மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, அடிவாரத்துக்கு அப்பால் உள்ள ஒரு மருத்துவமனையில் சேர்த்து, 11 நாட்கள் உடனிருந்தேன். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு.

தாமாகப் புரண்டு படுக்க முடியாதவரை ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால், உடல் அழுந்தும் இடத்தில் ரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப்புண் உண்டாகிறது. அதற்கான தாள் ஒன்று கட்டிலின் கால்மாட்டில் தொங்கியது. ஐந்தாம் நாள் விடியற்காலை 6 மணிக்கு, இரவு 10, 12, 2, 4 என்ற நான்கு கட்டங்களிலும் ஒரே பேனாவால் அடுத்தடுத்துக் கையொப்பம் விழுந்ததைக் கண்டேன். பேரேடு எழுதிப் பிழைப்பவன் என்பதால், அவ்வப்போது எழுதிய வரி எது, ஒரே மூச்சில் நிரப்பிய வரி எது என்பது எனக்குப் பார்த்தவுடன் தெரியும். தாயாரின் இடுப்புக்குக் கீழே தோல் அதற்குள் சிவந்திருந்தது. செவிலியரைக் குறைசொல்ல மனம் வரவில்லை. அன்றிரவு வார்டு முழுவதற்கும் அவர் ஒருவரே இருந்தார்.

அடுத்த சில நாட்களில் ஆய்வுக்குழு வந்தபோது புதிய விரிப்புகள் விரிக்கப்பட்டன. மாலையில் அவை பீரோவுக்குத் திரும்பின.

அரசு மருத்துவமனைகளுக்கான தேசியத் தரச் சான்று மதிப்பீட்டில், நேரில் பார்த்தல், பணியாளரைக் கேட்டல், பதிவேட்டைப் புரட்டுதல், நோயாளியைக் கேட்டல் ஆகிய நான்கு வழிகளும் உள்ளன. இவற்றுள் எளிதாக அலங்கரிக்கக் கூடியது பதிவேடுதான்.

ஆகவே, தங்கள் தலைமையிலான மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் வழியாக, முன்னறிவிப்பின்றி இரவு நேர ஆய்வு நடத்தவும், நோயாளியின் முதுகையும் குதிகாலையும் நேரில் பார்த்து உடனிருப்போரிடம் விசாரிக்கவும், சேர்ந்த பின் படுக்கைப்புண் வந்தோர் எண்ணிக்கையை மாதந்தோறும் வார்டு வாயிலில் எழுதிவைக்கவும் உத்தரவிடக் கோருகிறேன். அந்த எண்ணிக்கையைக் காட்டிச் செவிலியருக்குக் குறிப்பாணை வழங்கினால், அடுத்த மாதமே பலகையில் பூஜ்யம்தான் இருக்கும். அதற்கு மாறாக, எண்ணிக்கை கூடும் வார்டுக்கு இரவுப் பணியாளரைக் கூட்டித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்.