அடி எங்கே விழுகிறது: முரளிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அவசரமாக எழுதினால் அரைகுறையாகிவிடும் என்று ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தள்ளிப்போட்டேன். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை, பிசியோதெரபிக்குப் போய்வருகிறார், மாடிப்படி மட்டும் ஏற விடுவதில்லை. பெரியவள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், வீட்டில் அதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. புது வீட்டில் ஒரு அறையை விளையாட்டுக்கென்றே ஒதுக்கிவிட்டாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நிரந்தரமாக விரித்தே வைக்கக்கூடிய ஒரு மேசை, பாதி ஆட்டத்தில் எடுத்து வைக்க வேண்டாம், இதைவிட என்ன வேண்டும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1979-ல் வந்த முதல் மொபைல் சூட் கண்டாம் என்ற ஜப்பானிய ராட்சத ரோபோ அனிமே தொடரை, அந்த வைட் பேஸ் என்ற போர்க்கப்பலின் கதை முழுவதையும், உன் குழுவுக்கு மேசை ஆட்டமாக நடத்தப் போவதாக எழுதி, ரோபோச் சண்டை ஆட்டங்களில் பேட்டில்டெக் விதிகளை எடுக்கட்டுமா, லான்சரா, இல்லை பழைய மெக்டனா என்று கேட்டிருக்கிறாய். எதை எடுத்தாலும் டைஸ் உருளும், ரோபோக்கள் மோதும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த ரூல் புக்கைத் திறந்தாலும் நான் முதலில் தேடுவது ஒரே ஒரு விஷயத்தைத்தான். எதிரி சுட்டுவிட்டான், குறியும் தப்பவில்லை, இப்போது அந்த அடி எங்கே போய் விழுகிறது? இரும்பின் மேலா, உள்ளே உட்கார்ந்திருக்கிற பையன் மேலா, இல்லை அவனுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் இருக்கிற உறவின் மேலா? விதிகள் எதைக் குறைக்கச் சொல்கின்றனவோ அதைப் பற்றித்தான் ஆடுகிறவர்கள் ராத்திரி முழுக்கக் கவலைப்படுவார்கள். கதை எழுதுகிறவர் நினைத்ததும் ஆட்டத்தை நடத்துகிற ஜிஎம் நினைத்ததும் அதற்கு அப்புறம்தான்.

பேட்டில்டெக்கையே எடுத்துக்கொள். 1984-ல் சிகாகோவில் ஃபாசா நிறுவனம் இதை பேட்டில்டிராய்ட்ஸ் என்ற பெயரில் வெளியிட்டது, மறு வருடமே பெயர் மாறிவிட்டது. அதிலிருந்த ரோபோக்களில் பல, மேக்ராஸ், டாக்ராம் என்ற இரண்டு ஜப்பானியத் தொடர்களின் உருவங்கள். ஒவ்வொரு ரோபோவுக்கும் ஒரு தாள் உண்டு. கை, கால், மார்பு, தலை என்று படம் போட்டு, ஒவ்வொரு கவசப் புள்ளிக்கும் ஒரு சின்ன வட்டம். அடி பட்டால் இரண்டு டைஸ் போட்டு எந்த இடம் என்று பார்க்கிறாய், முன்பக்கத்திலிருந்து வந்த அடி என்றால் 7 விழுந்தால் நடு மார்பு, 12 விழுந்தால் தலை, பென்சிலால் வட்டங்களை அடித்துக்கொண்டே போகிறாய். பைலட்டுக்கு என்று அந்தத் தாளில் இருப்பது ஒரு மூலையில் ஆறே ஆறு கட்டம்.

அதற்காக அது உணர்ச்சியில்லாத ஆட்டம் என்று சொல்ல வரவில்லை. அந்த வெப்பக் கணக்கு இருக்கிறதே, அது மேதைகளின் வேலை. வார்ஹாமர் என்ற 70 டன் ரோபோ உனக்கு ஞாபகம் இருக்கும், இரண்டு கைகளும் துகள் பீரங்கிகள். ஒவ்வொன்றும் சுட்டால் 10 வெப்பம், ஒரு சுற்றில் அது தணிக்கக்கூடியது 18. நடந்தபடி இரண்டையும் சுட்டால் 21, அதாவது 3 மிச்சம், சமாளிக்கலாம். ஓடிக்கொண்டே இருக்கிற லேசர், ஏவுகணை எல்லாவற்றையும் சேர்த்துத் தட்டிவிட்டால் 34, மிச்சம் 16. அந்த நிலையில் வேகம் குறைகிறது, குறி தவறுகிறது, இரண்டு டைஸில் 4-க்குக் கீழே விழுந்தால் எதிரியின் முன்னாலேயே இயந்திரம் அணைந்து நின்றுவிடுகிறது. போன மாதம் எங்கள் மேசையில் ஒரு பையன், கல்லூரி முதல் வருடம், இப்படி எல்லாவற்றையும் சுட்டுவிட்டு டைஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு உருட்டாமல் உட்கார்ந்திருந்தான். நெற்றியில் நிஜமாகவே வியர்வை. ஒரு பெருக்கல் கூட இல்லாத வெறும் கூட்டல் கழித்தலில் ஒருவனைக் காக்பிட்டுக்குள் உட்கார வைக்கிறார்கள் பார், அதற்காகவே அந்த ஆட்டத்தின் மேல் எனக்குத் தீராத மரியாதை.

ஆனால் என்ன நடந்திருக்கிறது என்று கவனி. மேக்ராஸில் நாயகன் ஓட்டுவது வால்கிரி, போர் விமானமாக இருந்து மனித உருவத்துக்கு மாறும் இயந்திரம், தொடரின் முகமே அதுதான். பேட்டில்டெக்கில் அதே உருவம் வாஸ்ப், ஸ்டிங்கர் என்று 20 டன் வேவு ரோபோக்களாகிவிட்டது, இரண்டு அடியில் விழுந்துவிடும். வார்ஹாமரின் உருவமோ மேக்ராஸில் டோமஹாக் என்று பின்வரிசையில் நிற்கும் ஒன்று. இங்கே அதுதான் ராஜா. அந்தத் தொடரில் பெரிய போரின் போக்கையே ஒரு பெண்ணின் பாட்டு மாற்றுகிறது, அந்தப் பாட்டுக்கு இந்தத் தாளில் எந்த வட்டமும் இல்லை. உடம்பு மட்டும் கடல் கடந்து வந்தது. பின்னால் உரிமைத் தகராறு வழக்காகி, 1996-ல் சமரசம் ஆனபோது அந்த உருவங்களையே புத்தகங்களிலிருந்து எடுக்க வேண்டிவந்தது. அப்போதும் ஆட்டம் நிற்கவில்லை, ஏனென்றால் ஆடுகிறவர்கள் நேசித்தது அந்த வெப்பக் கணக்கையும் வட்டங்களையும்தான். டாக்ராம் விஷயம் கொஞ்சம் வேறு. அந்தத் தொடர் தொடங்குவதே பாலைவனத்தில் துருப்பிடித்துக் கிடக்கும் நாயக ரோபோவோடுதான், கதையும் ஒரு குடியேற்றக் கிரகத்தின் விடுதலைப் போர். அந்தப் புழுதியும் பழுதுபார்ப்பும் பேட்டில்டெக்குக்கு நன்றாகவே ஒட்டிக்கொண்டன, அதன் ஆசிரியர்கள் நினைத்துச் செய்தார்களோ இல்லையோ.

இன்னொன்று சொல்ல வேண்டும், இது உனக்கு நேரடியாக உதவும். கண்டாமில் மினோவ்ஸ்கி துகள் என்று ஒன்றை ஏன் கொண்டுவந்தார்கள்? அது பரவிய இடத்தில் ராடார் வேலை செய்யாது, தூரத்திலிருந்து ஏவுகணையைக் குறிவைக்க முடியாது, அதனால் ராட்சத ரோபோக்கள் கண்ணால் பார்த்து, கிட்டத்தில் வந்து சண்டை போட்டே ஆக வேண்டும். மேசைக்கும் அதே தேவை இருக்கிறது. பேட்டில்டெக்கில் வரைபடத்தின் ஒரு கட்டம், அதாவது ஒரு அறுகோணம், 30 மீட்டர், அந்தப் பயங்கரத் துகள் பீரங்கியே 18 அறுகோணம், 540 மீட்டர்தான் எட்டும். நிஜ டாங்கி இதைவிடப் பல மடங்கு தூரம் சுடும். ஆனால் அப்படி வைத்தால் இருவரும் மேசையின் இரண்டு கோடியிலிருந்து டைஸ் உருட்டிக்கொண்டிருப்பார்கள், யாரும் யாரையும் நெருங்க மாட்டார்கள். கண்டாமில் எதிரிகள் சண்டைக்கு நடுவிலேயே பேசிக்கொள்கிறார்கள், கத்துகிறார்கள், நியாயம் கேட்கிறார்கள். ஆகவே நீ எந்த விதியை எடுத்தாலும் தூரத்தைக் குறைத்துவிடு, அப்புறம் சண்டையின் போது எதிரியோடு பேசுவதற்கு ஒருவருடைய முறை செலவாகக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடு.

மெக்டன் பற்றி. மைக் பாண்ட்ஸ்மித், பின்னாளில் சைபர்பங்க் எழுதினாரே அவரேதான், 1984-ல் செய்தது. 1994-ல் வந்த மெக்டன் ஸீட்டாவில் உன் கதாபாத்திரத்தின் வாழ்க்கையை டைஸ் போட்டே உருவாக்கலாம்: குடும்பம் என்ன ஆனது, யாரைக் காதலித்தாய், யார் உன்னைப் பழிவாங்கத் துடிக்கிறான் என்று. ரோபோ கட்டும் பகுதி வேறு, அதில் விழுந்தால் ஒரு வாரம் வெளியே வர மாட்டாய். அனிமே பைலட்டை மேசையில் உட்கார வைக்க அந்த வாழ்க்கை அட்டவணை நல்ல வழி. ஆனால் சண்டை தொடங்கியதும் அதுவும் இரும்புக்கே திரும்பிவிடுகிறது, பழைய காதலி எதிரிப் படையில் இருப்பது எந்த எண்ணையும் மாற்றுவதில்லை. லான்சர், 2019-ல் வந்தது, சண்டை விதிகளில் இன்றைக்கு அதை மிஞ்ச ஒன்றும் இல்லை என்பேன், ஆடுகிறவர்களுக்கான விதிகள் இலவசமாகவும் கிடைக்கின்றன. ரோபோவை விட்டு இறங்கியதும் விதிகள் மெலிந்துவிடுகின்றன, உன் கதையில் பாதி இறங்கிய பிறகுதான் நடக்கிறது.

நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், தேடிப் படி. பென் லேமன் எழுதிய பிளிஸ் ஸ்டேஜ், 2007. பெரியவர்கள் எல்லாரும் தூங்கிப்போய் எழாத ஒரு உலகம், பிள்ளைகள்தான் போராடுகிறார்கள், கனவுலகத்துக்குள் போய். அங்கே அவர்கள் ஓட்டும் இயந்திரம் எதனால் ஆனது தெரியுமா? அவர்களுடைய உறவுகளால். தம்பி மேல் இருக்கிற பாசம் ஒரு ஆயுதம், தோழியோடு இருக்கிற நட்பு இன்னொரு பாகம். சண்டையில் அந்தப் பாகத்தைப் பயன்படுத்தினால் சேதம் அந்த உறவுக்குத்தான். திரும்பி வந்த பிறகு அதே தம்பியோடு உட்கார்ந்து பேசி, உடைந்ததைச் சரிசெய்ய வேண்டும், அதற்கென்று ஆட்டத்தில் தனியாக நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். பைலட் உள்ளே போகும்போது வெளியிலிருந்து இன்னொருவர் அவருக்கு வழிகாட்டுவார், அந்த இன்னொருவரை ஆடுகிறவர்தான் கனவுலகத்தையே விவரிக்கிறார். ஒருவரின் குரலை நம்பித்தான் நீ அடி எடுத்து வைக்க முடியும். இந்த வகைத் தொடர்களைப் பார்த்து வளர்ந்த ஒருவர், தன்னை அழவைத்தது எது என்று சரியாகக் கண்டுபிடித்து, அதை எண்களாக்கிவிட்டார்.

இப்போது உன் கண்டாம். முதல் இரண்டு மூன்று பகுதிகளைத் திரும்பப் பார். ஸாக்கு என்ற எதிரி ரோபோ தன் இயந்திரத் துப்பாக்கியால் சுடுகிறது, குண்டுகள் கண்டாம் என்ற நாயக ரோபோவின் கவசத்தில் பட்டுச் சிதறுகின்றன, ஒரு கீறல் இல்லை. வட்டம் வட்டமாகக் கவசத்தை அடிக்கிற விதியில் இந்தக் காட்சியை ஆட முயன்றால் ஒன்றுமே நடக்காது. ஆனால் பார்க்கிற நமக்குப் பதைக்கிறதே, ஏன்? உள்ளே இருப்பது 15 வயது அமுரோ, கையில் அதன் கையேட்டை வைத்துக்கொண்டு ஓட்டுகிறான். கப்பலில் அகதிகள். கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பிரைட்டுக்கே 19 வயது. ஒன்பதாவது பகுதியில் அமுரோ இனிமேல் போக மாட்டேன் என்கிறான், பிரைட் அறைகிறான். இன்னும் சில பகுதிகள் போனால் கப்பலில் உப்பு தீர்ந்துவிடுகிறது. சமையல்காரர் வந்து உப்பு இல்லை என்கிறார், அது ஒரு முழுப் பகுதியின் பிரச்சினை! ரோபோ பொம்மை விற்கப் பணம் போட்டவர்கள் இருந்த தொடரில், இயக்குநர் டோமினோவும் அவருடைய ஆட்களும் உப்பைப் பற்றி யோசித்தார்கள். பொம்மை சரியாக விற்கவில்லை, தொடரும் 43 பகுதிகளோடு சுருக்கப்பட்டது. பண்டாய் நிறுவனத்தின் பிளாஸ்டிக் மாடல்கள் 1980-ல் வந்து சக்கைப்போடு போட்டது அப்புறம்.

ஆகவே நான் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன். கண்டாமுக்குக் கவச வட்டங்களே வேண்டாம். மெக்டன் விதிகளைச் சண்டைக்கு எடுத்துக்கொள், மற்ற ரோபோக்களுக்கு அப்படியே இருக்கட்டும். கண்டாம் மேல் அடி விழும் போதெல்லாம், அதை ஓட்டுகிறவரைக் கேள்: உனக்கா, கப்பலுக்கா? தனக்கு என்றால் பயம், தூக்கமின்மை, கோபம் என்று அவருடைய தாளில் ஒரு கட்டம் நிரம்பும். கப்பலுக்கு என்றால் நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு தாள், அதில் உப்பு, மருந்து, உதிரி பாகம், அகதிகளின் பொறுமை. சண்டை முடிந்ததும் அந்தப் பொதுத் தாளைப் பார்த்து, அடுத்த இரண்டு நாள் கப்பலில் என்ன நடக்கிறது என்று ஆடுங்கள். சண்டைக்கு ஒரு மணி நேரம் என்றால் இதற்கு ஒன்றரை மணி நேரம் கொடு.

எல்லாரும் ஒரே மாதிரி பலத்தோடு இருக்க வேண்டாமா, ஒருவருக்கு மட்டும் கண்டாம் என்றால் மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்களே என்று உன் கடிதத்தில் கவலைப்பட்டிருந்தாய். அந்தக் கவலையைக் கதைக்குள்ளேயே கொண்டுபோய்விடு. தொடரில் கப்பலில் இருக்கிற செய்லா என்ற பெண் யாரையும் கேட்காமல் கண்டாமை எடுத்துக்கொண்டு போகிறாள். பிரைட் அமுரோவைக் கண்டாமிலிருந்து இறக்கிவிடலாமா என்று பேசுவதை அமுரோ கேட்டுவிட்டு, ரோபோவோடு ஓடியே போகிறான். அந்த இருக்கைக்காக இவ்வளவு நடக்கும்போது, ஒவ்வொரு முறை ஆடும்போதும் அதில் யார் உட்காருவது என்பதை மேசையே முடிவு செய்யட்டும். கப்பலின் கேப்டனாக ஆடுகிறவர் ஆணையிடலாம், பைலட் மறுக்கலாம், மறுத்தால் அதற்கும் ஒரு விலை. சமமாகப் பங்கு போட்டு எல்லாருக்கும் ஒரே அளவு ரோபோ கொடுத்தால் இந்தச் சண்டை எதுவும் வராது, அது எனக்குப் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. உன் குழுவில் சின்னப் பிள்ளைகளை இழந்த கதையைத் தாங்க முடியாதவர்கள் யாராவது இருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள். இது போர்க்கதை, அகதிகளும் அநாதைகளும் இருக்கிற கதை, ரோபோ என்று நினைத்து வந்து உட்காருகிறவர்களுக்கு அது தெரியாமல் இருக்கலாம்.

பொதுத் தாளின் மாதிரி ஒன்றை நான் வரைந்து அனுப்புகிறேன், நீ திருத்து. பெரியவள் தேர்வு முடிந்ததும் குடும்பத்தோடு உன் ஊர்ப் பக்கம் வரலாம் என்று பேச்சு இருக்கிறது, வந்தால் முதல் இரண்டு பகுதிகளை ஆடிவிடலாம். ஸாக்கு மினியேச்சர் மூன்று என்னிடம் பெயிண்ட் அடித்தே இருக்கிறது, நீ வாங்க வேண்டாம். கப்பலில் இருக்கிற அந்தக் காய் ஷிடென்னை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே, அவனை நான் ஆட வேண்டும்.

உன்,
சேகர்