இரவு 8 மணி வேகத்தை விளம்பரத்தில் போடச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு பிராட்பேண்ட் இணைப்புக்கான விளம்பரங்கள் நாளிதழ்களின் உள்பக்கங்களிலும், அவற்றுக்குள் செருகி வரும் நோட்டீஸ்களிலும், மின்கம்பத்தில் கட்டிய ஃபிளெக்ஸ்களிலும் நிறைந்து கிடக்கின்றன. எல்லாம் ஒரே அச்சு. பட்டையான எழுத்தில் 100, 150, 200 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்). பக்கத்தில் பொடி எழுத்தில் 'வரை'. மூலையில் ஒரு நட்சத்திரக் குறி. தமிழ் விளம்பரமாக இருந்தாலும் நட்சத்திரத்துக்கான விளக்கம் பல சமயம் ஆங்கிலத்தில்தான். ரூ. 499 என்று போட்டிருப்பார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்ததும் பில் ரூ. 589 ஆகும். பணத்தையாவது பில்லில் பார்த்துவிடலாம். வேகத்தைப் பார்ப்பதுதான் கடினம்.

அந்தப் பட்டை எழுத்து எண்ணைக் கூட்ட நிறுவனத்துக்குச் செலவே கிடையாது. ஒவ்வொரு வாடிக்கையாளரின் கணக்குக்கும் மையக் கருவியில் ஓர் உச்ச வரம்பு பதிவாகியிருக்கும். 100-ஐ 200 ஆக்க அந்தப் பதிவை மாற்றினால் போதும். புதிதாக ஒரு மீட்டர் கேபிள்கூட இழுக்க வேண்டாம். செலவு பிடிப்பது, உள்ளூர் நிறுவனம் தனக்கு மேலே உள்ள பெரிய நிறுவனத்திடம் மொத்தமாக வாங்கும் பேண்ட்வித், அதாவது இணையக் கொள்ளளவு. 500 வீடுகளுக்குத் தலா 100 எம்பிபிஎஸ் என்றால் 50 ஜிபிபிஎஸ் வேண்டும் (1 ஜிபிபிஎஸ் என்பது 1000 எம்பிபிஎஸ்). யாரும் அவ்வளவு வாங்குவதில்லை, வாங்கவும் தேவையில்லை. 500 வீடும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுப்பதில்லை. பகிர்ந்து கொடுப்பது குற்றமல்ல, இணையம் என்பதே அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் 500 வீட்டுக்கு 2 ஜிபிபிஎஸ் வாங்கி வைத்திருப்பவரும் அரை ஜிபிபிஎஸ்ஸில் ஓட்டுபவரும் பக்கத்துப் பக்கத்து ஃபிளெக்ஸில் அதே '100' என்று எழுத முடிகிறது. வாடிக்கையாளருக்குத் தெரியும் ஒரே வித்தியாசம் 50 ரூபாய் விலைக் குறைவு. ஆகவே தெருவில் நான்கு நிறுவனங்கள் போட்டி போட்டாலும், கூடுதல் பேண்ட்வித் வாங்கியவர்தான் அந்தப் போட்டியில் நஷ்டப்படுகிறார்.

ஃபைபர் (கண்ணாடி இழை) இணைப்பின் உள்கணக்கையும் சொல்ல வேண்டும். இங்கே பரவலாக இருக்கும் ஜிபான் முறையில் (ஓர் இழையைப் பல வீடுகள் பகிரும் முறை), நிறுவனத்தின் கருவியில் ஒரு போர்ட்டின் (இணைப்புத் துளையின்) கொள்ளளவு இறங்குமுகமாக, அதாவது வீட்டை நோக்கி, 2.488 ஜிபிபிஎஸ், ஏறுமுகமாக 1.244 ஜிபிபிஎஸ். அந்த ஒற்றை இழை வழியில், ஒளியைப் பிரிக்கும் ஸ்பிளிட்டர்களால் 32 அல்லது 64 வீடுகளாகப் பிரிகிறது. 64 வீடும் ஒரே நேரத்தில் இழுத்தால் தலைக்கு 38 எம்பிபிஎஸ் சொச்சம். 32 என்றால் 77. நடைமுறையில் நெரிசல் இங்கே வருவது குறைவு, அதைத் தாண்டி மேலே போகும் வழியில்தான் வரும். இருந்தாலும் '1 ஜிபிபிஎஸ் வரை' என்ற திட்டத்தை 64 வீடுகள் தொங்கும் ஒரு போர்ட்டில் பல பேருக்கு விற்கும்போது, வாங்குபவருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டாமா?

'ஃபைபர்' என்ற பெயரையும் அப்படியே நம்பிவிட முடியாது. சில இடங்களில் இழை தெருமுனைப் பெட்டியோடு நின்றுவிடும். அங்கிருந்து வீட்டுக்கு வருவது சாதாரண லேன் கேபிள். சிலவற்றில் பெயரில் ஃபைபர் இருக்கும், மொட்டைமாடிக்கு வருவதோ 5ஜி அலை. அலைவழி இணைப்பு மோசம் என்று சொல்லவில்லை. இழை போகாத இடத்துக்கு அது நல்ல தீர்வு. ஆனால் ஒரே கோபுரத்தை அக்கம்பக்கத்து அலைபேசிகள் அத்தனையோடும் பகிர வேண்டியிருப்பதால் மாலையில் இறக்கம் அதிகம்.

'அன்லிமிடெட்' என்பதற்கும் எல்லை உண்டு. பல திட்டங்களில் மாதம் 3300 ஜிபி. அலைவழித் திட்டங்களில் 1000 ஜிபி வரம்பும் உண்டு. 100 எம்பிபிஎஸ்ஸை விடாமல் பயன்படுத்தினால் 3300 ஜிபி ஏறக்குறைய 73 மணி நேரத்திலும், 1000 ஜிபி 22 மணி நேரத்திலும் தீரும். சராசரி வீடு 3300-ஐத் தொடுவது அரிது, அதனால் அந்த வரம்பு பெரிய அநியாயமில்லை. கவனிக்க வேண்டியது 300, 500 ஜிபியிலேயே நின்றுவிடும் மலிவுத் திட்டங்களை. வரம்பு தாண்டியபின் 2 எம்பிபிஎஸ் என்றால், 5 எம்பிபிஎஸ் கேட்கும் எச்டி படம்கூட ஓடாது.

இதற்கெல்லாம் விதியே இல்லை என்று நினைக்க வேண்டாம். பயன்பாட்டு வரம்பு எவ்வளவு, அதுவரை வேகம் என்ன, அதற்குப் பின் வேகம் என்ன என்ற மூன்றையும் இணையதளத்திலும், எந்த ஊடகத்தில் வரும் விளம்பரமானாலும் அதிலும் சொல்ல வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 அக்டோபர் 31 அன்றே உத்தரவிட்டது. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விளம்பர நெறிமுறைகளின்படி, பொறுப்புத்துறப்பு வாசகம் விளம்பரக் கூற்றின் அதே மொழியில், அதே எழுத்துருவில், கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். தமிழில் '200 எம்பிபிஎஸ்' என்று கூவிவிட்டு, எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில் நிபந்தனை போடுவது நேரடி மீறல். திசைதிருப்பும் விளம்பரத்துக்கு அந்த ஆணையம் முதல் முறை ரூ. 10 லட்சம் வரையிலும், மீண்டும் செய்தால் ரூ. 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம்.

விதி இல்லாத இடம் ஒன்றுதான், அதுவே முக்கியமான இடம். டிராயின் 2006 சேவைத் தர விதிகள், வாங்கிய வேகத்தில் 80 சதவீதத்துக்கு மேல் கிடைக்க வேண்டும் என்றன. ஆனால் அந்த அளவு, நிறுவனத்தின் சொந்த நோடில் (இணைப்பு மையத்தில்) தொடங்கி வீடு வரைதான். மேல்நோக்கிய இணைப்புகள் நெரிசல் நேரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பக் கூடாது என்றும் இருந்தது. அதை வீட்டிலிருந்து எவராலும் சரிபார்க்க முடியாது. 2024 அக்டோபர் 1 முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. விளம்பரத்தில் போடும் எண், எல்லோரும் இணையத்தில் இருக்கும் இரவு நேரத்தில் உண்மையில் கிடைக்கும் எண்ணாக இருக்க வேண்டும் என்ற நிலை மட்டும் இன்னும் வரவில்லை.

வாசகர்கள் வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். அலைபேசியில் வைஃபை வழியே ஒருமுறை ஸ்பீடு டெஸ்ட் எடுத்துப் புகார் செய்தால் நிற்காது. 'உங்கள் வைஃபை கோளாறு' என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பல சமயம் அது உண்மையும்கூட. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒற்றை ஆன்டெனா உள்ள அலைபேசிக்கு ஏட்டளவு உச்சமே 72 எம்பிபிஎஸ், கையில் கிடைப்பது 40, 50. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. அவற்றில் இருபது வீட்டு ரவுட்டர்கள் முண்டியடிக்கும். முதலில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிப் பாருங்கள். புகாருக்கான அளவை மட்டும் கண்டிப்பாகக் கேபிள் வழியே எடுக்க வேண்டும்.

கிகாபிட் போர்ட் உள்ள மடிக்கணினியை கேட்-5இ அல்லது கேட்-6 கேபிளால் ரவுட்டரில் நேராக இணையுங்கள். விண்டோஸின் ஈதர்நெட் விவரத்தில் இணைப்பு வேகம் 1000 என்று காட்ட வேண்டும். 100 என்று காட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். ரவுட்டர் போர்ட்டே 100-தானா, இல்லை கேபிள் முனை சரியாக கிரிம்ப் ஆகவில்லையா என்று பார்க்க வேண்டும். கிகாபிட்டுக்கு கேபிளின் எட்டுக் கம்பிகளும் வேண்டும். 100-க்கு நான்கே போதும். மற்ற நான்கில் ஒரு கம்பி விட்டுப்போனாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். 200 எம்பிபிஎஸ் திட்டத்தில் எந்த நேரத்தில் அளந்தாலும் 93, 94 என்றே வருகிறதென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். இலவசம் என்று கொடுக்கும் ரவுட்டரில் 100 போர்ட்டை வைத்துவிட்டு 200 திட்டத்தை விற்பதை என்னவென்று சொல்வது!

அடுத்து, டிவி, மற்ற அலைபேசிகள், விபிஎன் (அலுவலக வலைக்குள் நுழையும் தனிப்பாதை) எல்லாவற்றையும் அணைத்துவிட்டு காலை 6 மணிக்கு ஒன்றும் இரவு 8-லிருந்து 10-க்குள் ஒன்றுமாக, தொடர்ந்து ஒரு வாரம் அளவு எடுங்கள். ஸ்பீடு டெஸ்ட் செயலி தானாகத் தேர்ந்தெடுக்கும் சர்வர் பல சமயம் உங்கள் நிறுவனத்தின் சொந்த சர்வராகவே இருக்கும். அதில் அளப்பது வீட்டுக்கும் அவர்கள் அலுவலகத்துக்கும் இடையிலான பாதையை மட்டும். சர்வர் பட்டியலைத் திறந்து, அவர்களின் சொந்த சர்வர் ஒன்று, சென்னையில் வேறு நிறுவனத்தின் சர்வர் ஒன்று, சிங்கப்பூர் சர்வர் ஒன்று என மூன்றிலும் எடுங்கள். பதிவேற்ற வேகத்தையும் பிங்கையும் (பதில் வர ஆகும் நேரம்) விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு ஸ்கிரீன்ஷாட்டிலும் தேதி, நேரம், சர்வர் பெயர் தெரிய வேண்டும்.

எண்களைச் சேர்த்துப் பார்த்தால் கோளாறு எங்கே என்று விளங்கும். 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் காலையில் 95, இரவில் 18 என்றால் இழையிலோ ரவுட்டரிலோ தவறில்லை, நெரிசல். சொந்த சர்வரில் எப்போதும் 95, மற்ற இரண்டில் இரவில் 15 என்றால் மேலே வாங்கிய பேண்ட்வித் போதவில்லை. யூடியூப் மட்டும் பளிச்சென்று ஓடி, அலுவலக விபிஎன்னும் கோப்புப் பதிவிறக்கமும் இழுத்தால் அதுவும் இதே சங்கதிதான். யூடியூப் போன்ற பெரிய தளங்களின் நகல் சர்வர்கள் நிறுவனத்தின் வலைக்குள்ளேயே அல்லது பக்கத்திலேயே இருப்பதால், மேலே நெரிசல் இருந்தாலும் அவை தப்பித்துவிடும். 'யூடியூப் நன்றாக ஓடுகிறதே சார்' என்ற பதிலுக்கு மயங்க வேண்டாம்.

எந்த நேரத்திலும் வேகம் ஏறி இறங்கி, சிக்னல் வரவில்லை என்று காட்டும் சிவப்பு லாஸ் விளக்கும் அவ்வப்போது எரிந்தால் கோளாறு இழையில். ஃபைபர் மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் 'ஆர்எக்ஸ் பவர்' என்ற அளவு இருக்கும்; வந்து சேரும் ஒளியின் வலிமையை டிபிஎம் என்ற அலகில் காட்டுவது அது. மைனஸ் 18-லிருந்து மைனஸ் 23 டிபிஎம் வரை நல்ல நிலை. மைனஸ் 27-ஐத் தாண்டி இறங்கினால் மோடத்துக்கு ஒளி சரியாகப் பிடிபடாது. காரணம் பெரும்பாலும் சின்னது: கதவிடுக்கில் நசுங்கிய பேட்ச் கார்டு (மோடத்தில் செருகும் இழை வயர்), தூசி படிந்த முனை, எலி கடித்த உறை, பச்சை முனை செருக வேண்டிய இடத்தில் செருகிய நீல முனை. இதை லைன்மேனே பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். நெரிசலை அவரால் ஒன்றும் செய்ய முடியாது, அவரிடம் கோபப்பட்டும் பயனில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. விளம்பரத்தில் இருப்பது மெகாபிட், கோப்பு இறங்கும்போது திரையில் தெரிவது மெகாபைட். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட்தான். 11, 12 என்று தெரிந்தால் இணைப்பு சரியாக இருக்கிறது. அதற்குப் புகார் வேண்டாம்.

கையில் ஆதாரம் சேர்ந்ததும் நிறுவனத்தின் உதவி மையத்தில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் இல்லாத புகார் பதிவாகாத புகார். தீர்வு வராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போக வேண்டும். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை, அங்கே எழுதிக் காத்திருப்பது வீண். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதியலாம். அதற்கும் அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாக்கிவிட்டது. செலுத்திய தொகை ரூ. 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. ஆறு மாதம், ஒரு வருடம் என்று முன்பணம் கட்டி மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்த வழி உதவும். புதிதாக வாங்குபவர்கள் முதல் இரண்டு மாதம் மாதக் கட்டணத்திலேயே ஓட்டிப் பார்ப்பது நல்லது; 'இன்ஸ்டலேஷன் இலவசம்' என்பதற்காக ஒரு வருடப் பணத்தை முதல் நாளே கொடுத்துவிட்டால், பின்பு பேரம் பேசக் கையில் ஒன்றும் இருக்காது.

பிற நாடுகள் இதைக் கடந்துவிட்டன. பிரிட்டனில் 2018 மே 23 வரை, பத்தில் ஒரு வாடிக்கையாளருக்குக் கிடைத்தாலே 'வரை' என்று போடலாம். அன்று முதல் இரவு 8 முதல் 10 மணிக்குள் குறைந்தது பாதிப் பேருக்குக் கிடைக்கும் வேகத்தைத்தான் சராசரி என்று விளம்பரத்தில் போட முடியும். ஆஸ்திரேலியாவில், வாங்கிய வேகம் தங்கள் இணைப்பில் கிடைக்காது என்பதை வாடிக்கையாளர்களிடம் சொல்லாமல் விட்டதற்காக மூன்று பெரிய நிறுவனங்களுக்கு 2022-ல் நீதிமன்றம் மொத்தம் 3.35 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

பிரிட்டன் விதியை டிராய் இங்கே அப்படியே கொண்டுவரலாம். ஒவ்வொரு நிறுவனத்தின் மையக் கருவியிலும் ஒவ்வொரு மணி நேர அளவும் பதிவாகிக்கொண்டுதான் இருக்கிறது. புதிய கருவி எதுவும் வாங்க வேண்டாம். அந்த எண் வந்தால் நேர்மையாக 40 கொடுப்பவர் தலைநிமிர்ந்து '40' என்று போட்டு விற்கலாம். 4கே படத்துக்கே 15 எம்பிபிஎஸ் போதும் என்னும்போது, பெரும்பாலான வீடுகளுக்கு நிலையான 40 தாராளம்.

அதுவரை தங்கள் நாளிதழே ஒரு காரியம் செய்யலாம். பிராட்பேண்ட் விளம்பரங்களை வாங்கும்போது, வரம்பு, வரம்புக்குப் பிந்தைய வேகம், ஜிஎஸ்டி சேர்த்த விலை ஆகிய மூன்றும் தமிழில், வேகத்தைப் போட்ட அதே எழுத்துருவில் இருந்தால்தான் அச்சிடுவோம் என்று விளம்பரப் பிரிவு சொல்லலாம். முதல் இரண்டையும் விளம்பரத்தில் சொல்லுமாறு ஏற்கெனவே உத்தரவு இருப்பதால், எந்த நிறுவனமும் மறுப்புச் சொல்ல இடமில்லை.

இப்படிக்கு,
இணைய இணைப்புப் பராமரிப்புத் துறையில் பணிபுரியும் வாசகர்,
கோயம்புத்தூர்