கைடு ஒரு தடவையாவது கூப்பிடட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

எம்.பி.ஏ. மாணவர்கள் கம்பெனியில் சில வாரம் செய்யும் இன்டர்ன்ஷிப்புக்குக் கிரெடிட், அதாவது பட்டத்துக்குச் சேரும் பாடப் புள்ளி, தருவதே வீண், அதை எடுத்துவிட்டு இன்னொரு பாடத்தை வைக்கலாம் என்று போன இதழில் ஒருவர் எழுதியிருந்தார். அவர் அடுக்கிய குறைகளில் முக்கால்வாசியை நானும் நேரில் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அவருடைய முடிவோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஒரு நடுத்தரக் கம்பெனியின் நிதிப் பிரிவில் இருக்கிறேன். பதினோரு வருடமாக இந்த மாணவர்களை உட்காரவைத்து வேலை கொடுத்து, கடைசியில் மதிப்பீட்டு ஃபார்மில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிற ஆள் நான்தான்.

அந்த ஃபார்மைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். நேரம் தவறாமை, குழுவோடு பழகுதல், கற்கும் ஆர்வம் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை கட்டம். பெரும்பாலும் கடைசி நாள் சாயங்காலம், நான் கிளம்புகிற நேரத்தில்தான் அது என் மேசைக்கு வரும். எதிரே பையன் நின்றுகொண்டிருக்கிறான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே யாருக்கு 2 போடக் கை வரும்? 5, 5, 4, 5 என்று நானும் போட்டிருக்கிறேன். ஒரே ஒரு முறை, பாதி நாள் வராத ஒருவருக்கு 2 போட்டேன். மூன்றாம் நாளே கல்லூரியிலிருந்து கைடு, அதாவது அவருடைய இன்டர்ன்ஷிப்பை மேற்பார்க்கும் ஆசிரியர், கூப்பிட்டார். “கொஞ்சம் ஏத்திப் போட்டுக் குடுங்க சார், பிளேஸ்மென்ட் பாதிக்கும்” என்றார். இத்தனை வருடத்தில் ஒரு கைடு என்னிடம் போனில் பேசியது அந்த ஒரு தடவைதான்.

எனக்கு உறுத்துவது இதுதான். கிரெடிட் என்றால் கல்லூரியின் முத்திரை. முத்திரை குத்துகிறவர்கள் சரக்கைப் பார்க்கவே இல்லை.

படிப்பையும் வேலையையும் இப்படிச் சேர்க்கும் யோசனை ஒன்றும் புதிதல்ல. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் பேராசிரியர் 1906-ல் 27 மாணவர்களோடு தொடங்கினார். ஒரு வாரம் வகுப்பு, ஒரு வாரம் தொழிற்சாலை; தொழிற்சாலையில் கூலியும் உண்டு. அந்தத் திட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் என்றே ஆசிரியர்கள் இருந்தார்கள். பட்டறைக்கே போய் மாணவர் எந்த மெஷினில் நிற்கிறார் என்று பார்த்துவிட்டு வந்து, அதை வகுப்புப் பாடத்தோடு முடிச்சுப் போடுவது அவர்கள் வேலை. அந்த ஆளைத்தான் நாம் நடுவில் எங்கோ தொலைத்துவிட்டோம். மீதி இருப்பது மணிக்கணக்கு மட்டும்.

அந்த மணிக்கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம். எட்டு வாரம், வாரத்துக்கு 40 மணி என்றால் 320 மணி. ஐரோப்பியக் கணக்கில் ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அப்படியானால் பத்துக்கு மேல் வர வேண்டும். வாரத்துக்கு வகுப்பில் ஒரு மணி, வெளியே இரண்டு மணி, அப்படிப் பதினைந்து வாரம் உழைத்தால் ஒரு கிரெடிட் என்கிற அமெரிக்கக் கணக்கில் ஏழு வரும். நடைமுறையில் பல இடங்களில் தருவது இதைவிட மிகவும் குறைவு. அதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. அந்த 320 மணியில் எத்தனை மணி வெறுமனே ஃபைல் அடுக்கியது, எத்தனை மணி என் மீட்டிங் முடியக் காத்திருந்தது என்பது எனக்குத்தானே தெரியும். மணியை எண்ணிக் கிரெடிட் தருவதை விட்டால்தான் இதற்கு வழி பிறக்கும்.

கிரெடிட் வேறு காரியங்களுக்கும் பயன்படுகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் படிக்கும் வெளிநாட்டு மாணவர், படிப்பு முடிவதற்கு முன் வெளியே இன்டர்ன்ஷிப் செய்ய வழக்கமாக வாங்கும் அனுமதிக்கு, அந்த வேலை பாடத்திட்டத்தின் அங்கமாக இருந்தாக வேண்டும் என்பது விசா விதி. அதனால் பெயருக்கு ஒரு சிறு கிரெடிட் ஒட்டப்படுவதும் உண்டு. இன்னொன்று, சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப். அதனால் அதிகம் பலனடைவது மாணவரா கம்பெனியா என்று பார்க்க, அந்த நாட்டுத் தொழிலாளர் துறை 2018 முதல் ஏழு அம்சங்களைக் கணக்கில் எடுக்கிறது. கல்லூரிக் கிரெடிட் உண்டா என்பது அதில் ஒன்று. ஆக, கிரெடிட் இருந்தால் சம்பளம் கொடுக்காமல் இருப்பதற்கு ஒரு சாக்குக் கிடைத்துவிடுகிறது. கிரெடிட்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் இடங்களில், காசு கட்டி வேலை பார்த்த கதைதான். கம்பெனிக்காரனாக இருந்துகொண்டு இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சரி, இவ்வளவுக்கும் பிறகு கிரெடிட் ஏன் வேண்டும் என்கிறேன்? ஒரு மாணவியால்தான்.

90 நாளைத் தாண்டியும் பணம் வராத பில்களைப் பட்டியல் போடச் சொல்லி அவரிடம் ஓர் எக்செல் ஷீட்டைக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், அவரை ஒரு வாரம் சும்மா உட்காரவிடாமல் இருக்கத்தான் கொடுத்தேன். நாலாம் நாள் வந்து, “சார், இந்த வாடிக்கையாளர்கிட்ட பணமில்லாம இல்லை. நம்ம பில்லுல பர்சேஸ் ஆர்டர் நம்பரே இல்லை” என்றார். விற்பனைப் பிரிவினர் அந்த இடத்தில் ‘வாய்மொழி’ என்று அடித்திருக்கிறார்கள். வாங்குகிறவர் எழுத்தில் தரும் ஆர்டரின் அந்த நம்பர் இல்லாத பில்லை எதிர்த் தரப்புக் கணக்குப் பிரிவு ஓரமாக எடுத்துவைத்துவிடும். இவர் தானாகவே போன் போட்டு விசாரித்திருக்கிறார். கடன் வசூலாகும் நாட்கள் என்று வகுப்பில் ஒரு சூத்திரம் சொல்லித் தருவார்களே, அந்த எண் ஏன் ஏறுகிறது என்று அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது. எனக்கும்தான்.

அப்புறம் ரிப்போர்ட் வந்தது. 62 பக்கம். துறையின் வரலாறு, கம்பெனி அறிமுகம், பலம் பலவீனம், 50 பேரிடம் எடுத்த சர்வே, வண்ண வண்ணப் படங்கள். பில் விஷயம் ஒரு வரிகூட இல்லை. ஏன் என்று கேட்டேன். “அது எந்தச் சாப்டர்ல வரும்னு தெரியல சார், காலேஜ் ஃபார்மேட்ல இல்லை” என்றார்.

அந்த 62 பக்கத்துக்குத்தான் கல்லூரி கிரெடிட் கொடுத்தது. என்ன நடந்தது, முதலில் என்ன நினைத்தேன், எங்கே தவறு செய்தேன் என்று ஐந்து பக்கம் எழுதவைத்து, அதன் மேல் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு நடத்தினால் போதும். கம்பெனி ரகசியம் என்று யாராவது தடுத்தால் தொகையை மறைத்துவிட்டு எழுதலாம். நடுவில் ஒரு முறை கைடும் மாணவரும் நானும் அரை மணி பேசினால், ஃபைல் அடுக்குகிறவருக்கு வேறு வேலை மாற்றிக் கொடுக்கவாவது எனக்கு உறைக்கும். கைடுக்கு முப்பது மாணவர் என்பார்கள், தெரியும். கிரெடிட்டுக்குப் பணம் வாங்கும் கல்லூரி அதற்கு நேரம் ஒதுக்கிக் கொடுக்கட்டும்.

இந்த வாரம் புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் கொண்டுவந்த ஃபார்மில் கைடின் போன் நம்பருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. இரண்டிலும் காலி. கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன். நாலாவது வாரம் நானே கூப்பிடப்போகிறேன்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போட்டு அனுப்பும் ஒரு வாசகர்