மரியாவும் அன்னாவும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனில் சொன்னதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "இனிமே அவகூட டபுள்ஸ் ஆட மாட்டேம்மா, வேற ஜோடி பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். டேபிள் டென்னிஸ் சிங்கிள்ஸ் ஃபைனலில் உன்னை ஜெயித்தது அவள்தான் என்பதே நான் தோண்டித் தோண்டிக் கேட்ட பிறகுதான் வந்தது. போனில் பேசினால் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மரியா மெட்னியான்ஸ்கி என்று ஒரு ஹங்கேரிக்காரர். அதே நாட்டு ஆண்கள் சாம்பியன் விக்டர் பர்னாவின் பெயர் உனக்குத் தெரியும், உன் கோச் சொல்லியிருப்பார். பர்னாவுக்கு முன்பே, பெண்களில் முதல் உலக சாம்பியன் ஆனவர் இந்த மரியா. உலக சாம்பியன்ஷிப் தங்கங்களில் பர்னாவுக்கு 22, இவருக்கு 18. ஆனாலும் பர்னாவைத் தெரிந்த அளவுக்கு மரியாவைத் தெரியாது நம் ஆட்களுக்கு. எனக்கு அதில் எப்போதும் ஒரு வருத்தம் உண்டு.

1901இல் புடாபெஸ்டில் பிறந்தவர். 1926 டிசம்பரில் லண்டனில் முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தபோது வயது 25. அந்தப் போட்டியை முதலில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் என்றுதான் நடத்த நினைத்தார்கள். இந்திய ஆட்டக்காரர்களும் ஆட வந்ததால் உலக சாம்பியன்ஷிப் என்று பெயர் மாறியது. அந்த இந்திய டீமில் சுப்பையா என்று ஒருவர் இருந்தார்.  அந்தப் பெயரைப் பட்டியலில் முதன்முதலாகப் பார்த்த அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆண்கள் டீமுக்கான கோப்பையைக் கொடுத்த ஸ்வேத்லிங் சீமாட்டி, சர்வதேச சங்கத்தின் முதல் தலைவர் ஐவர் மாண்டேகுவின் அம்மா. மகன் ஆட்டத்தை நடத்த, அம்மா கோப்பை கொடுத்திருக்கிறார். சங்கதியோடு சங்கதியாக இதையும் சொல்லிவைக்கிறேன்.

மரியா ஃபைனலில் வேல்ஸின் டோரிஸ் கப்பின்ஸை ஜெயித்தார். அதே போட்டியில் ஸோல்தான் மெக்லோவிட்ஸோடு சேர்ந்து மிக்ஸ்டு டபுள்ஸும். அதன் பிறகு 1928 ஸ்டாக்ஹோம், 1929 புடாபெஸ்ட், 1930 பெர்லின், 1931 மறுபடி புடாபெஸ்ட். முதல் ஐந்து உலக சாம்பியன்ஷிப்பிலும் பெண்கள் பட்டம் ஒரே ஆளிடம்! அன்றைக்கு பேட்டில் ஸ்பாஞ்ச் கிடையாது. மரப்பலகைமேல் புள்ளி புள்ளியாக ரப்பர், அவ்வளவுதான். நெட்டும் இப்போது இருப்பதைவிட உயரம். 1937இல்தான் நம்முடைய 15.25 செ.மீ. அளவுக்கு இறக்கினார்கள். உயரமான நெட்டுக்கு எதிரே அடித்து ஆடி ஜெயிப்பது எவ்வளவு பாடு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெண்களுக்கு டீம் போட்டி 1934இல்தான் வந்தது. முதலிலிருந்தே இருந்திருந்தால் மரியாவின் கணக்கு 18இல் நின்றிருக்காது என்பது என் எண்ணம்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்ததே. 1930இல் பெர்லினில் மரியாவை எதிர்த்து ஃபைனல் ஆடியவர் அன்னா ஷிபோஷ். அவரும் ஹங்கேரிதான், மரியாவைவிட ஏழு வயது இளையவர். அந்த ஃபைனலில் மரியா ஜெயித்தார். அதே பெர்லினில் அந்த இருவரும் ஜோடி சேர்ந்து டபுள்ஸ் தங்கமும் வாங்கினார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1932இல் பிராக் நகரில், மறுபடி இவர்கள் இருவருக்கும் ஃபைனல். இந்தத் தடவை அன்னா ஜெயித்தார். ஐந்து வருஷமாக வேறு யார் கைக்கும் போகாத பட்டம் தன் டபுள்ஸ் ஜோடியின் கைக்கே போனது. 1933இல் வியன்னா பக்கத்தில் பாடனில் நடந்த போட்டியிலும் அப்படியே. அன்னாவுக்குத் தங்கம், மரியாவுக்கு வெள்ளி.

பிராக்கில் அந்த டபுள்ஸ் தங்கம் யாருக்குப் போனது தெரியுமா? மரியாவுக்கும் அன்னாவுக்கும். பாடனில்? அதுவும் அவர்களுக்குத்தான்.

கண்ணு, இதை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். டென்னிஸில் யாருக்குப் பக்கமோ அவர்கள் அடிக்கலாம். நம் ஆட்டத்தில் அது நடக்காது. ஒரு பால் நான், அடுத்த பால் நீ என்று மாறி மாறித்தான் அடித்தாக வேண்டும். அடித்த கையோடு விலகி ஜோடிக்கு இடம் விட வேண்டும். உன் பேக்ஹேண்ட் எந்த இடத்தில் தடுமாறும், எந்த சர்வீஸுக்கு நீ அவசரப்படுவாய் என்பதெல்லாம் பக்கத்தில் நின்று ஆடுகிறவளுக்குத்தான் முதலில் தெரியும். அன்னாவுக்கு மரியாவின் ஆட்டம் முழுக்கத் தெரிந்திருக்கும். தெரிந்ததை வைத்துத்தான் ஜெயித்திருப்பார். அதில் துரோகம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மரியாவுக்கும் தோன்றியிருக்காது. தோன்றியிருந்தால் திரும்ப அதே டேபிளில் தோளோடு தோள் நின்றிருக்க முடியுமா?

எனக்கு அப்படி நிற்கத் தெரியவில்லை. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. காலேஜில் மூன்று வருஷமும் எனக்கு ஒரே ஜோடிதான். கடைசி வருஷம் சிங்கிள்ஸ் ஃபைனலில் அவளிடம் தோற்றேன். அப்போதெல்லாம் கேமுக்கு 21 பாயிண்ட். மூன்றாவது கேமில் 19-21. மறுநாள் டபுள்ஸ். காலையில் அவள் என் பேட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஹாஸ்டல் ரூமுக்கு வந்து கதவைத் தட்டினாள். நான் முழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பேட்டைக் கதவோரமாகச் சாத்தி வைத்துவிட்டுப் போனாள். மணிக்கட்டு வலி என்று மேடத்திடம் பொய் சொன்னேன். அந்த டபுள்ஸ் ஆடாமலே போயிற்று. அதற்குப் பிறகு அவளோடு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அந்த பேட் கதவில் உரசிய சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அப்பாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

மரியா அப்புறம் சிங்கிள்ஸ் பட்டம் வாங்கவில்லை. அன்னாவும்தான். 1934லும் 1935லும் செக்கோஸ்லோவாக்கியாவின் மரி கெட்னெரோவா ஜெயித்தார். ஆனால் டபுள்ஸை மட்டும் எவராலும் இவர்களிடமிருந்து பிடுங்க முடியவில்லை. 1930இல் தொடங்கியது 1935இல் லண்டன் வரைக்கும், விடாமல் ஆறு தடவை. அன்னாவிடம் இரண்டு ஃபைனல் தோற்ற பிறகும் அதே அன்னாவோடு இரண்டு உலகப் பட்டம். மிக்ஸ்டு டபுள்ஸில் மரியாவுக்கு மொத்தம் ஆறு தங்கம். மெக்லோவிட்ஸ், சபதோஷ், கெலென் என்று மூன்று ஜோடிகள். யாரோடு நின்றாலும் ஆடத் தெரிந்தவர். 1978இல் புடாபெஸ்டிலேயே காலமானார். 18 தங்கத்தில் ஐந்துதான் தனியாக ஆடி வாங்கியது. 1928இல் வேறொரு ஜோடியோடு வாங்கிய டபுள்ஸ் தங்கத்தையும் சேர்த்து, மற்ற 13உம் இன்னொருவரோடு சேர்ந்து வாங்கியவை. கூட்டிப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

முடிவு உன்னுடையதுதான். வேறு ஜோடி பார்த்தாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் கூப்பிட்டால் போனை எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதே.

போன மாசம் நீ அனுப்பிய டபுள்ஸ் வீடியோவை நேற்று மறுபடி போட்டுப் பார்த்தேன். ஃபோர்ஹேண்ட் அடித்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறாய். அவள் உன்னைச் சுற்றிக்கொண்டு வந்து அடுத்த பாலை எடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது கேமில் மூன்று பாயிண்ட் அதனால்தான் போயிற்று. அடித்த உடனே வலது காலைப் பின்னால் எடுத்து வை. இடுப்பு தானாகத் திரும்பும், அவளுக்கு டேபிள் திறந்து கிடைக்கும். சனிக்கிழமை பிராக்டிஸில் செய்து பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
அம்மா